பெரியம்மாவின் கட்டியும் ஒன்பது வோல்ற்றுப் பட்டியும்

கேட்ட பிள்ளை என்னிடம் உயர்தரத்தில் உயிரியல் படித்தவர். அவருடைய கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். மூதூரில் இருக்கும் பெரியம்மாவுக்கு மார்பில் கட்டி. ஊசி குத்தி எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. ஆபரேஷனுக்குத் திகதியும் கொடுத்தாயிற்று. இதற்கிடையில் ஒருவர் வீடு தேடி வந்து, "கலத்தின்ர கரண்ட் இறங்கினதுதான் கான்சர். இந்தப் பட்டியை நெஞ்சில கட்டினால் கரண்ட் ஏறும், வெட்டத் தேவையில்லை" என்று 85,000 ரூபாவுக்கு ஒரு பட்டியைக் காட்டியிருக்கிறார். கூடவே அமெரிக்கப் பேராசிரியர் ஒருவர் தவளையில் செய்து காட்டிய ஆராய்ச்சி வீடியோவையும் போட்டுக் காட்டியிருக்கிறார். "சேர், வீடியோவில வாறது பொய் மாதிரித் தெரியேல்ல. அப்ப பட்டியும் உண்மையா?"

வீடியோ உண்மை. பட்டி பொய். ஆனால் அப்படி ஒரு வரியில் முடித்தால் நீங்கள் பெரியம்மாவிடம் போய் என்ன சொல்வீர்கள்? "சேர் பொய் எண்டவர்" என்றால் அவர் கேட்கப் போவதில்லை. வீடியோவுக்கும் பட்டிக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை நீங்களே கண்டுகொள்ள வேண்டும். அதற்கு முதலில் ஒரு கணவாய் அறுப்போம்.

உங்கள் வகுப்புக்கு நான் அதைச் செய்து காட்டினேனா என்று நினைவில்லை. சில வருடங்களில் காலையில் மீன் சந்தைக்குப் போய் ஊசிக்கணவாய் நாலைந்து வாங்கிக்கொண்டு நேரே ஆய்வுகூடத்துக்குப் போவேன். கணவாயின் உடம்பை மூடியிருக்கும் போர்வைத் தசையை நீளவாக்கில் கீறி விரித்துப் பிடித்தால், உட்புறச் சுவரில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு வெள்ளை முடிச்சு தெரியும். அதிலிருந்து நட்சத்திரம் மாதிரி நரம்புகள் விரிந்து போகும். அவற்றில் பின்பக்கம் வால் நோக்கி ஓடுவதுதான் தடித்தது. வீட்டில் கணவாய் துப்புரவாக்கும்போது நாங்கள் சவ்வென்று உரித்து எறிவதோடு அதுவும் போய்விடும். அந்த நரம்புக்குள் இருக்கும் ஒற்றை நார், பல கலங்களின் நீட்சிகள் ஒன்றாய் இணைந்து உண்டானது, அரை மில்லிமீற்றர் தொடக்கம் ஒரு மில்லிமீற்றர் வரை தடிப்பாக இருக்கும். எங்களுடைய பெரும்பாலான நரம்பு நார்களைவிட நூறு மடங்குக்கு மேல் பருமன். கணவாய் பயந்து நீரைப் பீச்சி ஓடுகிறதே, அந்த வேகத்துக்காக உண்டான நார் அது.

1939இல் இங்கிலாந்தின் பிளிமத் கடலோர ஆய்வுகூடத்தில் ஹொட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இருவர் அந்த நாருக்குள் நீளவாக்கில் ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயை இறக்கி, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வோல்ற்றளவை நேரடியாக அளந்தார்கள். உள்ளே மறை (நெகற்றிவ்), வெளியே நேர் (பொசிற்றிவ்). பிறகு போர் வந்தது, வேலை நின்றது. 1952இல் முழுக் கணக்கையும் வெளியிட்டார்கள். 1963இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைக்கு "கலத்தின் வோல்ற்றளவு" என்று யார் வாயைத் திறந்தாலும், பட்டி விற்கிறவர் உட்பட, அந்தப் பேச்சு இந்தக் கணவாயில்தான் வந்து நிற்கும்.

இந்த வோல்ற்றளவு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலானவர்கள் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள். உடம்பில் கரண்ட் என்றவுடன் வீட்டு வயர் நினைவுக்கு வருகிறது. வயரில் ஓடுவது இலத்திரன். உடம்பில் ஓடுவது உப்பு. நிலாவெளிப் பக்கம் உப்பளம் பார்த்த ஆட்களுக்கு இதை விளங்கவைப்பது சுகம். மதகைத் திறந்தால் நீர் எந்தப் பக்கம் பாயும் என்பதை இரண்டு பாத்திகளின் மட்டம்தான் தீர்மானிக்கிறது. கலமும் அப்படித்தான். வெளியே சோடியம் அதிகம், லீற்றருக்கு ஏறத்தாழ 145 மில்லிமூல். உள்ளே பொற்றாசியம் அதிகம், 140 அளவு. இந்த ஏற்றத்தாழ்வைக் காப்பது கலத்தைச் சூழ்ந்த மென்சவ்வில் இருக்கும் ஒரு பம்பி. ஒவ்வொரு சுற்றுக்கும் 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொற்றாசியத்தை உள்ளே இழுக்கும். 1957இல் டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கூ இதைக் கண்டுபிடித்தார், நோபல் பரிசு கைக்கு வர 40 வருடம் ஆனது. நீங்கள் சும்மா படுத்திருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இந்தப் பம்பிகளே தின்கின்றன.

பம்பி பாத்தியை நிரப்பி வைக்கிறது. மதகுகள் வேறு. அவற்றைத்தான் அயன் கால்வாய்கள் என்று படித்தீர்கள். ஓய்வில் இருக்கும் கலத்தில் பொற்றாசிய மதகுகள் கொஞ்சம் திறந்திருக்கும். நேரேற்றம் உள்ள பொற்றாசியம் கசிந்து வெளியே போகப் போக உள்பக்கம் மறையாகிறது. நரம்புக் கலத்தில் ஏறத்தாழ −70 மில்லிவோல்ற்று, எலும்புத் தசையில் −90. ஒரு வோல்ற்றில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லையே என்று நினைக்க வேண்டாம். அந்த 70 மில்லிவோல்ற்றும் 7 நனோமீற்றர் தடிப்புள்ள சவ்வின் மேல் விழுகிறது. வகுத்துப் பாருங்கள், மீற்றருக்கு 1 கோடி வோல்ற்று வரும். மின்னல் வெட்டக் காற்றில் மீற்றருக்கு 30 இலட்சம் போதும். ஒவ்வொரு கலமும் தன் தோலில் அதைப்போல மூன்று மடங்கைத் தாங்கிக்கொண்டு பேசாமல் இருக்கிறது. அந்த 70 மில்லிவோல்ற்றை மறந்துவிட வேண்டாம், பட்டியிடம் போகும்போது தேவைப்படும்.

இனிப் புற்றுநோய். நரம்பும் தசையும் மட்டுமல்ல, தோல், ஈரல், பால் சுரப்பி என்று எல்லாக் கலத்துக்கும் வோல்ற்றளவு உண்டு. நரம்பு அதை மில்லிசெக்கனில் ஏற்றி இறக்கிச் செய்தி அனுப்புகிறது. மற்றக் கலங்கள் அதே மொழியை மணிக்கணக்கில், நாட்கணக்கில், மெதுவாகப் பேசுகின்றன. 1971இல் நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் வேலை செய்த கிளாரன்ஸ் கோன் ஒரு விஷயத்தைக் கவனித்து எழுதினார். பிரிந்து பெருகாத கலங்களின் வோல்ற்றளவு ஆழமான மறையாக இருக்கிறது, ஓயாமல் பிரியும் கலங்களிலும் புற்றுநோய்க் கலங்களிலும் அது பூச்சியத்தை நோக்கி நகர்ந்து, அளவில் குறைந்திருக்கிறது. 1976இல் அவரும் சார்லட் கோன் என்பவரும் ஆய்வுகூடத் தட்டில் வளர்த்த முதிர்ந்த நரம்புக் கலங்களின் வோல்ற்றளவை நீண்ட நேரம் தளர்த்தி வைத்து, பிரியவே பிரியாது என்று எல்லோரும் நினைத்த கலங்களைப் பிரிவுக்குள் தள்ளிக் காட்டினார்கள். பட்டிக்காரர் சொன்ன "கரண்ட் இறங்கினது" இதுதான். ஆள் அந்தளவுக்குச் சரி.

அதற்கும் முன்பே, 1947இல், யேல் பல்கலைக்கழகத்தின் ஹரல்ட் பர் என்பவரும் லங்மன் என்ற பெண்ணோயியல் மருத்துவரும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் உள்ள பெண்களில் வோல்ற்றளவு மாறித் தெரிவதாக எழுதினார்கள். பர் பிற்காலத்தில் "உயிர்ப்புலம்" என்று பெரிதாகப் பேசப் போய்விட்டார். இப்போது இப்படியான சாமான் விற்கிற துண்டுப்பிரசுரங்களில் அவர் பெயரைத்தான் அதிகம் காண்கிறேன். பாவம் மனுசன்.

ஆனால் கோன் கண்டது ஒரு தொடர்பு மட்டுமே. மழை பெய்தால் குடை விரியும் என்பதற்காக, குடையை மடக்கினால் மழை நிற்குமா? வோல்ற்றளவு மாறியதால் புற்றுநோயா, புற்றுநோய் வந்ததால் வோல்ற்றளவு மாறியதா என்று தெரியவேண்டும். வீடியோவில் வரும் மைக்கல் லெவின், ரவ்ட்ஸ் பல்கலைக்கழகத்துக்காரர், இந்தக் கேள்வியைத்தான் கையில் எடுத்தார்.

அவர் குழு பாவித்தது ஆபிரிக்க நகத் தவளையின் வாற்பேத்தை. இந்தியப் பக்கம் தலைப்பிரட்டை என்பார்கள். 2011இல் அவர்கள் வெளியிட்ட பரிசோதனை இப்படி. வாற்பேத்தையின் உடம்பில் அங்கங்கே சிதறிக் கிடக்கும் ஒரு வகைக் கலங்களில் மட்டும் ஒரு குளோரைட்டுக் கால்வாயை ஐவர்மெக்ரின் போட்டுத் திறந்தார்கள். கொரோனாக் காலத்தில் எல்லோரும் தேடித் திரிந்த அதே குளிசைதான். குளோரைட்டு வெளியேற, அந்தக் கலங்களின் வோல்ற்றளவு தளர்ந்தது. பிறகு நடந்ததுதான் விசேஷம். கெட்டுப்போனவை அந்தக் கலங்கள் அல்ல. தள்ளி இருந்த நிறமிக் கலங்கள், தங்களுடைய வோல்ற்றளவில் யாரும் கை வைக்காத கலங்கள், தாறுமாறாகப் பெருகின. உருவம் மாறிக் கிளைவிட்டு நீண்டு, போகக்கூடாத இடங்களுக்குள், இரத்தக் குழாய்ப் பக்கம், நரம்புக் குழாய்ப் பக்கம், நுழைந்தன. பரவும் கருமைப் புற்றுநோய்க் கலங்கள் எப்படி நடக்குமோ அப்படி. வாற்பேத்தை முழுக்கக் கரி பூசினாற்போல் கறுத்துப் போனது. டிஎன்ஏயில் ஒரு கீறலும் இல்லை. புற்றுநோய் உண்டாக்கும் இரசாயனமும் இல்லை. செய்தியைக் காவிச் சென்றது செரட்டோனின் என்ற, உடம்பே உண்டாக்கும் பொருள்.

பிறகு மற்றப் பக்கமிருந்து பார்த்தார்கள். மனிதப் புற்றுநோய்களில் காணப்படும் கேடான பரம்பரையலகுகளை (ஜீன்களை) வாற்பேத்தை முளையத்துக்குள் செலுத்தினால் கட்டி மாதிரி வளர்ச்சிகள் வரும். அந்தப் பரம்பரையலகோடு சேர்த்து, கலத்தை ஆழமான மறைக்கு இழுக்கும் ஒரு கால்வாயையும் செலுத்தியபோது கட்டிகள் குறைந்தன. கெட்ட புரதம் கலத்துக்குள் அப்படியே நிறைய இருக்கத்தக்கதாக! இது 2013இல். 2016இல், ஒளி பட்டால் திறக்கிற கால்வாய்களை வைத்து, வெளிச்சம் பாய்ச்சியே கட்டி உண்டாவதைக் குறைத்தார்கள், வந்த சில கட்டிகள் வழமையான இழையமாகத் திரும்பவும் செய்தன. நான் இதை முதலில் வாசித்த அன்று இரவு நித்திரை வரவில்லை என்று சொன்னால் மனைவி சிரிப்பா, ஆனால் உண்மை.

இந்தப் பரிசோதனைகளில் பட்டிக்காரர் கவனிக்காத, அல்லது கவனித்தும் சொல்லாத, இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, யாரும் வெளியிலிருந்து கரண்ட் கொடுக்கவில்லை. ஒவ்வொரு முறையும் தொட்டது மதகைத்தான், குறித்த கலத்தில், குறித்த மதகை. இரண்டு, இது பற்றரி இறங்கின கதையே அல்ல. பற்றரி இறங்கின ரோர்ச் லைற்றைப் பார்த்துப் பக்கத்து வீட்டு ரோர்ச் லைற்று பைத்தியம் பிடித்து ஆடுமா? வோல்ற்றளவு அங்கே ஒரு பேச்சு. ஒரு கலம் சொன்னதைக் கேட்டு இன்னொரு கலம் நடக்கிறது. 1966இலேயே லொவென்ஸ்டைனும் கன்னோவும் எலியின் ஈரலில் அளந்து காட்டினார்கள்: வழமையான ஈரல் கலங்கள் பக்கத்துக் கலத்தோடு சிறு துவாரங்கள் வழியே அயன்களைப் பரிமாறிக்கொள்கின்றன, ஈரல் கட்டிக் கலங்களில் அந்தப் போக்குவரத்து அறுந்து கிடக்கிறது. ஊரோடு பேச்சை முறித்துக்கொண்ட கலம் தன் பாட்டில் பெருகத் தொடங்கினால் அதைத் தடுக்க யாரும் இல்லை. எனக்குப் புற்றுநோய் பற்றிப் படித்ததில் மிகவும் பிடித்த விளக்கம் இதுதான். முழு விளக்கமும் இதுவல்ல. பரம்பரையலகு மாற்றங்கள் இல்லாமல் மனிதப் புற்றுநோயைப் பேச முடியாது.

சரி, இது வாற்பேத்தையோடு நின்றுவிட்டதா, மனிதருக்கு ஒன்றும் வரவில்லையா என்று கேட்டால், ஒன்று வந்திருக்கிறது. அதுவும் உங்கள் பெரியம்மாவின் நோயில்.

பேத்தை மீன் தெரியும்தானே? வலையில் வந்தால் வயிற்றை ஊதிக்கொண்டு கிடக்கும், எங்கள் ஆட்கள் தூக்கி எறிந்துவிடுவார்கள். அதன் ஈரலிலும் முட்டையிலும் இருக்கும் நஞ்சு, ரெட்ரோடொக்சின், சோடிய மதகுக்குள் போய் அடைப்பான் மாதிரி இருந்துகொள்ளும். நரம்பு பேச முடியாமல் மூச்சுத் தசை நின்று ஆள் போய்விடும். 1995இல் லண்டனில் முஸ்தபா ஜம்கொஸ் குழுவினர் எலியின் புரொஸ்டேட் புற்றுநோயில் இரண்டு வகைக் கலங்களை ஒப்பிட்டார்கள், வேகமாகப் பரவுகிற வகை, பரவாத வகை. பரவுகிற வகையில் சோடிய மதகுகள் வேலை செய்துகொண்டிருந்தன. நரம்பிலும் தசையிலும் இருக்க வேண்டிய மதகுக்குப் புரொஸ்டேட் கலத்தில் என்ன வேலை? கலங்களை வளர்த்த தட்டில் பேத்தை நஞ்சைப் போட்டபோது அக்கலங்கள் துளைத்துக்கொண்டு போவது குறைந்தது. பிறகு மார்புப் புற்றுநோய்க் கலங்களிலும் அதே குடும்பத்து மதகு ஒன்று, சிசுப் பருவத்து வடிவத்தில், இருப்பது தெரியவந்தது.

பேத்தை நஞ்சை மனிதருக்குக் கொடுக்க முடியாது. ஆனால் சோடிய மதகை அடைக்கும் இன்னொரு மருந்தை நாங்கள் எல்லோரும் வாங்கியிருக்கிறோம். பல்லுப் பிடுங்கும்போது விறைக்கப் போடுகிற ஊசி, லிக்னோகேன். அதன் வேலையே அதுதான், சோடிய மதகை அடைத்து நரம்பின் வாயைப் பொத்துவது.

மும்பாயில் டாடா நினைவு மருத்துவமனையின் சத்திரசிகிச்சை நிபுணர் ராஜேந்திர பத்வே தலைமையில், இந்தியாவின் 11 நிலையங்களில் ஒரு பரிசோதனை நடந்தது. ஆரம்ப நிலை மார்புப் புற்றுநோய் உள்ள 1,600 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் ஆபரேஷன். ஒரு பாதிக்கு மட்டும், வெட்டுவதற்கு 7 முதல் 10 நிமிடம் முன்பு, கட்டியைச் சுற்றி 0.5 வீத லிக்னோகேன் ஊசி. ஆபரேஷன் நேரத்தில் கட்டி அசைக்கப்படும்போது கலங்கள் கிளம்பிப் போகாமல் இருக்குமா என்பதுதான் எண்ணம். 2023இல் முடிவு வந்தது. ஐந்து வருடத்தில் நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தவர்கள், ஊசி போட்ட பக்கத்தில் 86.6 வீதம், போடாத பக்கத்தில் 82.6 வீதம். உயிரோடு இருந்தவர்கள் மொத்தம் 90.1க்கு 86.4. நூறு பேரில் ஏறத்தாழ நான்கு பேர் வித்தியாசம், அதுவும் எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கிற ஒரு மலிந்த ஊசியால்.

இதை வாசித்துவிட்டுத் துள்ள வேண்டாம். ஊசி போடாத பெண்களுக்கு வெறும் உப்புநீர் ஊசி போட்டு ஒப்பிடவில்லை. வெட்டிய மருத்துவருக்கு எது எந்தப் பக்கம் என்று தெரியும். சோடிய மதகு அடைபட்டதாலேயே இந்தப் பலன் என்பதும் நியாயமான ஊகமே தவிர நிரூபணம் அல்ல. ஆனாலும் ஆபரேஷனுக்கு முன் உங்கள் சத்திரசிகிச்சை மருத்துவரிடம், "மும்பாயில் இப்படி ஒன்று செய்திருக்கிறார்கள், பெரியம்மாவுக்குப் பொருந்துமா?" என்று மரியாதையாகக் கேட்பதில் பிழையில்லை. அவர் வேண்டாம் என்றால் அதற்குக் காரணம் இருக்கும், விட்டுவிடுங்கள். பட்டிக்காரர் சொன்ன அதே விஞ்ஞானம் இங்கே ஆபரேஷனோடு சேர்ந்து வேலை செய்கிறது, அதற்குப் பதிலாக அல்ல. அதோடு, இந்த மருந்து கலத்தின் கரண்டை "ஏற்றவும்" இல்லை. ஒரு மதகைச் சாத்துகிறது, அவ்வளவுதான்.

"ஆனால் சேர், வெளியில இருந்து கரண்ட் குடுக்கிற வைத்தியமும் இருக்காமே" என்று பட்டிக்காரர் அடுத்துச் சொல்லுவார், சொல்லத்தான் போகிறார். இருக்கிறது. மூளையில் வரும் கிளியோபிளாஸ்ரோமா என்ற பொல்லாத கட்டிக்கு, தலையை மழித்து மின்தகடுகள் ஒட்டி, செக்கனுக்கு 2 இலட்சம் சுற்று என்ற வேகத்தில் திசை மாறி மாறி ஓடும் மின்புலத்தைக் கொடுக்கிறார்கள். எங்கள் வீட்டுக் கரண்ட் செக்கனுக்கு 50 சுற்று. 695 பேரில் செய்த பரிசோதனையின் முடிவு 2017இல் வந்தது. வழமையான மருந்தோடு இதையும் சேர்த்தவர்களின் இடைநிலை ஆயுள் 20.9 மாதம், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 16 மாதம். ஒரு நாளில் 18 மணித்தியாலம் மாட்டியிருக்க வேண்டும். அந்த வேகத்தில் திசை மாறும் புலம் கலத்தின் ஓய்வு வோல்ற்றளவை ஏற்றாது, இறக்கவும் செய்யாது. பிரிந்துகொண்டிருக்கும் கலத்தின் உள்வேலையைக் குழப்புகிறது என்பதுதான் அதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

இன்னொன்று, தோலுக்கு அண்மையில் உள்ள கட்டிகளுக்கு ஐரோப்பாவில் செய்வது. புளியோமைசின் என்ற மருந்தைக் கொடுத்துவிட்டு, கட்டிக்குள் ஊசிகள் இறக்கி, சென்ரிமீற்றருக்கு 1,000 வோல்ற்று அளவில் எட்டுத் துடிப்பு, ஒவ்வொன்றும் ஒரு செக்கனில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம். கல மென்சவ்வில் ஓட்டை விழுந்து மருந்து உள்ளே போகும். அங்கே கொல்வது மருந்துதான், கரண்ட் கதவை உடைத்துக் கொடுக்கிறது.

இப்போது பட்டிக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உள்ளே சின்ன றேடியோவுக்குப் போடுகிற 9 வோல்ற்றுச் சதுர பற்றரி, இரண்டு பக்கமும் ஈயத் தகடு மாதிரி ஏதோ. கணக்குப் பார்ப்போம், நீங்கள் பௌதிகவியலும் படித்தவர். பட்டிக்காரருக்குச் சாதகமாகவே போடுவோம். வரண்ட தோலின் தடையை மறப்போம், 9 வோல்ற்றில் ஒரு துளியும் வீணாகாமல் உடம்புக்குள் போகிறது என்று வைப்போம். நெஞ்சின் குறுக்களவு 30 சென்ரிமீற்றர் என்றால் புலம் மீற்றருக்கு 30 வோல்ற்று. உருண்டையான ஒரு கலத்தின் சவ்வில் வெளிப்புலம் உண்டாக்கும் வோல்ற்றளவு, புலத்தை ஆரையால் பெருக்கி ஒன்றரையால் பெருக்க வரும். ஆரை 10 மைக்ரோமீற்றர். வருவது 0.45 மில்லிவோல்ற்று. அரை மில்லிவோல்ற்று கூட இல்லை. கலம் தானாகவே வைத்திருப்பது பத்துக் கணக்கில். முதல் சொன்ன, ஐரோப்பாவில் ஊசி இறக்கிச் செய்கிறார்களே, அது மீற்றருக்கு 1 இலட்சம் வோல்ற்று. பட்டியைவிட மூவாயிரம் மடங்கு.

அளவு சின்னது என்பதுகூடப் பெரிய குறை அல்ல. குறை வேறு இடத்தில் இருக்கிறது, இதை ஒரு கடதாசியில் வட்டம் கீறிப் பாருங்கள். வெளியிலிருந்து வரும் புலம் கலத்தின் ஒரு பக்கத்தில் சவ்வின் வோல்ற்றளவை அரை மில்லிவோல்ற்று கூட்டினால், நேரெதிர்ப் பக்கத்தில் அதே அரை மில்லிவோல்ற்றைக் குறைக்கும். கூட்டிக் கழித்தால் பூச்சியம். 9 வோல்ற்றுக்குப் பதிலாக 900 வோல்ற்று போட்டாலும் அப்படித்தான், ஒரு பக்கம் ஏறும், மற்றப் பக்கம் இறங்கும், ஆள் கருகிப் போவார். கலம் முழுவதையும் ஒரே திசையில் மறைக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் மதகைத் தொட்டே ஆக வேண்டும். லெவின் அதனால்தான் மதகைத் தொட்டார். பட்டி தொடுவது பெரியம்மாவின் தோலையும் உங்கள் பெரியப்பாவின் சேமிப்பையும்தான்.

வெளிப்புலத்துக்குக் கலங்கள் பதில் சொல்லவே மாட்டா என்று நான் சொல்லவில்லை. 1840களில் ஜேர்மனியின் டு போயிஸ்-றேமண்ட் தன் விரலைத் தானே வெட்டி, காயத்திலிருந்து கரண்ட் கசிவதை அளந்தார். தூண்டில் கிழித்த கையிலும் அது ஓடுகிறது, காயத்தின் ஓரத்தில் மில்லிமீற்றருக்கு 100 மில்லிவோல்ற்று அளவில், தோல் கலங்களுக்கு வழி காட்டிக்கொண்டு. அது உடம்பு தானே உண்டாக்கும் புலம், மில்லிமீற்றர் தூரத்துக்குள், திசையோடு. புற்றுநோய்க் கலங்களும் சில வேளை அதே மாதிரிப் புலத்தைப் பின்பற்றி நகர்வதை ஆய்வுகூடத் தட்டுகளில் பார்த்திருக்கிறார்கள். ஆக, கண்ட பாட்டுக்கு நெஞ்சில் புலம் போடுவது நல்லதை மட்டுமே செய்யும் என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது.

இந்தத் துறை எங்கே போகிறது என்று ஆசைக்காகச் சொல்கிறேன். 2019இல் ஸ்ரான்போர்ட்டில் மிஷெல் மொன்ஜேயின் குழுவும் ஹைடல்பேர்க்கில் பிராங்க் விங்க்லரின் குழுவும், மூளைக் கட்டிக் கலங்கள் நல்ல நரம்புக் கலங்களோடு உண்மையான நரம்பிணைப்புகளை உண்டாக்கி, அவற்றின் துடிப்பைக் கேட்டு வளர்வதைக் காட்டினார்கள். ஊரோடு பேச்சை முறித்த கலம் என்று மேலே சொன்னேன். இங்கே கட்டி ஊரின் ரெலிபோன் வயரில் கொக்கி போட்டுக் கரண்ட் இழுக்கிறது. உவமை கொஞ்சம் இடிக்கிறதுதான், ஒரே நோய் ஓரிடத்தில் செவிடாகவும் இன்னோரிடத்தில் ஒட்டுக்கேட்பவனாகவும் நடந்தால் நான் என்ன செய்வது. கால்-கை வலிப்புக்குக் கொடுக்கிற மருந்துகள் இதைத் தணிக்குமா என்று இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

பெரியம்மாவுக்கு வருவோம். 2020இல் பல நாடுகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்ததில், சத்திரசிகிச்சை 4 வாரம் தள்ளிப்போனால் இறப்பு அபாயம் 6 முதல் 8 வீதம் கூடுகிறது என்று வந்தது. 2018இல் யேல் பல்கலைக்கழகத்தினர், வழமையான சிகிச்சையை விட்டு வேறு வைத்தியம் மட்டும் செய்த ஆட்களைப் பார்த்தார்கள். மார்புப் புற்றுநோயில் இறப்பு அபாயம் ஐந்து மடங்குக்கும் மேல். இந்த எண்களைப் பெரியம்மாவின் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டாம். அவருக்குப் பயம், கத்தி வேண்டாம் என்று சொல்லும் எவரும் அவருக்குத் தெய்வமாகத்தான் தெரிவார். என் அக்காவுக்கும் இருபது வருடத்துக்கு முன் இதே கட்டி, இதே பயம். அப்போது பட்டி இல்லை, ஒரு செம்புத் தகடு இருந்தது. அக்கா அதையும் கட்டிக்கொண்டுதான் மஹரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினா. நான் கழற்றச் சொல்லவில்லை. தியேட்டர் வாசலில் தாதி கழற்றி என் கையில் தந்தா, இன்னும் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. அக்கா இப்போது உப்புவெளியில் பேரப்பிள்ளைகளோடு சண்டை பிடித்துக்கொண்டு இருக்கிறா. வேண்டுமென்றால் பெரியம்மாவோடு பேசச் சொல்கிறேன், நான் பேசுவதைவிட அது பலிக்கும்.

பெரியம்மாவின் நெஞ்சுக்குள் இதயத் துடிப்புக் கருவி ஏதும் வைத்திருந்தால், பட்டியை ஒரு நிமிடம்கூடக் கட்ட விட வேண்டாம். அந்தக் கருவி மில்லிவோல்ற்றுகளைக் கேட்டுத்தான் வேலை செய்கிறது, பட்டியின் இரைச்சலில் அது குழம்பலாம். அப்படி ஒன்றும் இல்லை என்றால், முற்பணம் கொடுத்துவிட்டீர்கள் என்றால், காசைத் திருப்பிக் கேட்டுப் பாருங்கள். தராவிட்டால் பட்டியை வாங்கி என்னிடம் கொண்டுவாருங்கள், ஆய்வுகூட மல்ரிமீற்றரில் அளந்து பார்ப்போம், பற்றரியை என் றேடியோவுக்குப் போடலாம். ஆபரேஷன் திகதியை மட்டும் மாற்ற வேண்டாம். மும்பாய் ஊசி பற்றிக் கேட்பதை ஒரு துண்டில் எழுதி கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள், டொக்டரின் முன்னால் போய் நின்றால் எல்லோருக்கும் மறந்துவிடும்.